ஆறு நாள் காவல்

டோக்கன் முப்பத்தேழு. உள்ளே போயிருப்பது இருபத்தொன்பது. போய் எவ்வளவு நேரமாகிறது, உள்ளே உட்கார்ந்து உலை வைத்துச் சோறு பொங்குகிறாளா என்று அமலோற்பவம் நினைத்தாள். நினைத்த மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த இருபத்தொன்பது இடுப்பில் கைக்குழந்தையோடு போனவள். நல்ல சேதி சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். கெட்ட சேதியைத்தான் பட்டுச்சேலை மாதிரி ஓரம் பார்த்து, மடிப்பு மடிப்பாக, மெதுவாக எடுத்து வைக்கவேண்டியிருக்கும். ஆக, அவள் சீக்கிரம் வரட்டும் என்று வேண்டுவதா, நமக்கு நேரமாகட்டும் என்று வேண்டுவதா? இரும்பு நாற்காலிகளை மூன்று மூன்றாகக் கோத்துப் போட்டிருந்தார்கள். நடுநாற்காலியில் ஒரு காலில்லை, அதில் யாராவது உட்கார்ந்தால் மூன்று பேரும் சேர்ந்து சாய்வார்கள், ஆகவே இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர், நடுவில் அவளுடைய கைப்பை. மறு ஓரத்தில் ஆன்ஸி. பதினைந்து வயது, தங்கச்சி ரோஸ்லின் பெற்றுப்போட்டுவிட்டுப் போன பிள்ளை, கன்னத்தில் பருவோடும் கையில் யாரோ வரைந்துவிட்ட பேனாப் பூவோடும் உட்கார்ந்திருந்தாள். இங்கே வந்தால் முதல் வேலையாகப் பைக்குள் கையை விட்டுப் போனை எடுப்பவள் இன்றைக்கு எடுக்கவில்லை. கேட்கக்கூட இல்லை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, முதல் நற்கருணை வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருக்கிறாள். ஏன் இப்படி இருக்கிறாள்? தெரிந்துதான் இருக்கிறாளோ? என்ன தெரியும்? ஆறு நாள். திரும்பத் திரும்ப அங்கேயே போய் முட்டுகிறது, செக்கு மாட்டுக்குக்கூட நடுவில் தவிடு வைப்பார்கள். ஆறு நாள், ஆறு மாத்திரை.

முப்பது என்று கூப்பிட்டார்கள். கைக்குழந்தைக்காரி வெளியே வந்தாள், முகத்தைப் பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு அமலோற்பவம் பார்த்தாள், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த வராண்டாவில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அது இங்கே எழுதாத சட்டம். எல்லாரும் எதிர்ச்சுவரில் இருக்கிற கைகழுவும் படத்தைத்தான் பார்ப்பார்கள், ஏழு கட்டமாகக் கைகழுவுவதை இத்தனை பக்தியோடு உலகத்தில் வேறெங்கும் வாசித்திருக்க மாட்டார்கள். தூத்துக்குடியிலேயே இதே மருந்து கிடைக்கும். கிடைத்து என்ன, அங்கே வராண்டாவில் நின்றால் பங்குக்கோயில் பாதி வந்து என்ன அமலி உடம்புக்கு என்று கேட்கும். அதனால் மாதாமாதம் பஸ் ஏறித் திருநெல்வேலி. அக்கம்பக்கத்தில் ஆன்ஸிக்குப் பல்லுக்குக் கம்பி கட்டுகிறோம் என்று சொல்லிவைத்திருந்தாள். பிள்ளைக்கோ முத்துமுத்தாகப் பல். எதிர்வீட்டு ஜெயராணி ஒருநாள் வாசலிலேயே மறித்து, வருஷம் ரெண்டாகுது, கம்பியைக் காணோமே அக்கா என்று கேட்க, அது உள்பக்கமாகக் கட்டுறது, புது முறை என்று கண்ணிமைக்காமல் சொன்னாள். ஜெயராணி பிள்ளையை வாயைத் திற என்று சொல்வதற்குள் கதவைச் சாத்தினாள். பொய் சொல்வது ஒரு கலை, அதைக் கான்வென்டில் சொல்லித்தரவில்லை, அங்கே சொல்லித்தந்தது முதுகை நிமிர்த்தி உட்காரவும், குரலைத் தாழ்த்திப் பேசவும், தலையணை உறையில் ரோஜாப்பூ பின்னவும். குரலைத் தாழ்த்தத் தெரிந்ததுதான் கடைசியில் உதவியது. ரோஸ்லினின் புருஷன் கப்பலில் இஞ்சின் அறைக்காரன், எந்தத் துறைமுகத்தில் எதை வாங்கினானோ, முதலில் அவன் போனான், பிறகு அவள். ஆன்ஸிக்கு அப்போது நாலு வயது. செத்த வீட்டிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மஞ்சள்காமாலை என்று சொல்லி அடக்கம் பண்ணினார்கள். அன்றைக்குத் தாழ்த்திய குரல் வீட்டில் இன்னும் ஏறவில்லை. அந்தச் சொல்லை அமலோற்பவம் இதுவரை தன் வாயால் சொன்னதில்லை. 'அது' என்பாள். 'அதுக்கு மாத்திரை போட்டியா?' 'அதுக்கு ஆஸ்பத்திரி போகணும், லீவு லெட்டர் எழுது.'

பன்னிரண்டு வயதுவரை ஆன்ஸிக்கு அது இழுப்புக்கு மாத்திரை. பன்னிரண்டில், இதே வராண்டாவின் கடைசி அறையில், கவுன்சிலர் சண்முகவடிவுதான் பக்கத்தில் உட்கார்த்திவைத்துப் பக்குவமாகச் சொன்னாள். பிள்ளை அழவில்லை. அழாததை அமலோற்பவம் தைரியம் என்று எடுத்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய மடத்தனம். அடுத்த கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கி, ஒவ்வொன்றாகச் செய்தித்தாளைப் பிரித்தபோது, மூன்று ராஜாக்களின் ஒட்டகம் கலகல என்றது. பிளாஸ்டர் ஒட்டகம், உள்ளே பொள்ளல், அடியில் ஒரு துவாரம். ஆட்டினாள். மறுபடியும் கலகல. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள், தட்டத் தட்ட வெள்ளை மாத்திரைகள் சமையலறைத் தரையில் விழுந்தன, ஒன்று உருண்டு அடுப்புக்கடியில் போனது. முப்பத்தொன்று. அந்தப் பிள்ளை பரணில் ஏறி, முடிச்சை அவிழ்த்து, ஒட்டகத்தை எடுத்துப் பிரித்து, மாத்திரையைப் போட்டு, மறுபடியும் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறது, முப்பத்தொரு தடவை. அதில் ஒரு தடவை விழுங்கியிருந்தால் அரை நிமிஷ வேலை. அன்றைக்கு அடிக்கக் கை ஓங்கினாள். ஆன்ஸி கண்ணை மூடவில்லை. "சாப்பிட்டா மட்டும் அம்மா வருவாளா?" என்று கேட்டாள். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அமலோற்பவம் அந்தக் கையாலேயே ஒட்டகத்தைத் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள், ஒட்டகத்தின் ஒரு கண் சாயம் போய்விட்டது. அதற்குப் பிறகு எதிரில் நின்று விழுங்கவைத்தாள், வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று போலீஸ்காரி மாதிரி. அப்படியும் இந்த வருஷ ஆரம்பத்தில் எடுத்த பரிசோதனையில் ரத்தத்தில் கிருமி அறுபத்தோராயிரம். எங்கே, எப்படித் துப்பினாள் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆயிரத்துக்கு மேலே போகக்கூடாத எண் அறுபத்தோராயிரம். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிடட்டும், மறுபடியும் பார்ப்போம் என்றார் டாக்டர். அப்போதும் ஆயிரத்துக்கு மேலே இருந்தால் இந்த மருந்தை விட்டுவிட்டு அடுத்த மருந்துக்குப் போகவேண்டும், அது காலையும் மாலையும், வயிற்றைப் புரட்டும், அதற்கும் அப்பால் கையில் இருப்பது கொஞ்சம்தான் என்று விரலை மடக்கிக் காட்டினார். அந்த மூன்று மாதம் முடிந்து எடுத்த ரத்தத்துக்குத்தான் இன்றைக்கு விடை வந்திருக்கிறது. அந்த அறைக்குள், மேசைமேல், ஏதோ ஒரு உறைக்குள், ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. எழுதியாகிவிட்டதற்கு இப்போது உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவது, பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்து படிக்கிற மாதிரி. உருட்டினாள்.

முப்பத்திரண்டு. அந்த மூன்று மாதத்தில்தான் இந்த விளையாட்டு வந்தது. வடிவு ஒருநாள் போனில் இறக்கிக் கொடுத்தாள், ஏதோ கல்லூரிப் பிள்ளைகள் செய்ததாம், நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். கூடவே ஒரு மாத்திரைப் புட்டி, அதன் மூடிக்குள் ஏதோ சில்லு. மூடியைத் திறந்தால் போனுக்குச் சேதி போகும். போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று வளர்த்த வீட்டில் ஆஸ்பத்திரிக்காரியே விளையாடச் சொல்கிறாள், உலகம் உருப்பட்ட மாதிரிதான் என்று அன்றைக்குப் பஸ்ஸில் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு தீவு. நடுவில் கலங்கரை விளக்கு. சுற்றிலும் கடலிலிருந்து நண்டு நண்டாக ஏறி வரும். காலையில் புட்டியைத் திறந்தால் விளக்கு எரியும், இருபது நிமிஷம் விளையாடலாம், மதில் கட்டலாம், கல் எறியலாம். ஒருநாள் திறக்காவிட்டால் விளக்கு அணைந்து நண்டுகள் கரையேறி மணலுக்குள் முட்டையிடும். ரெண்டு நாள் விட்டால் அந்த முட்டையிலிருந்து வருகிற நண்டுக்குப் புது ஓடு, பழைய கல் அதன்மேல் பட்டுத் தெறிக்கும், ஒன்றும் ஆகாது. எங்கேயும் 'அது' என்ற பேச்சே கிடையாது. ஜெயராணி எட்டிப் பார்த்தாலும் வெறும் நண்டு. ஆனால் அந்தப் புது ஓட்டு நண்டைக் கண்ட அன்றைக்கு ஆன்ஸி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "விட்டு விட்டுச் சாப்பிட்டா அது பாடம் கத்துக்கும் போல பெரியம்மா" என்றாள். டாக்டர் மூன்று வருஷம் தொண்டை வற்றச் சொன்னதை ஒரு கார்ட்டூன் நண்டு ரெண்டு நாளில் சொல்லிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளே வந்து புட்டியைத் திறந்தாள். "நீங்க தொடக்கூடாது. நான்தான் திறப்பேன்" என்றாள். அன்றிலிருந்து வாயைத் திற, நாக்கைத் தூக்கு நின்றது. நாற்பது பிள்ளைகளுக்கும் பட்டியல் உண்டு, சொந்தப் பெயர் கிடையாது. கொடுக்காப்புளி, புயல் ஏழு, சுறா என்றெல்லாம் வைத்துக்கொண்டிருந்தன. ஆன்ஸியின் பெயர் ஊசிவெடி. ஊசிவெடி பத்தொன்பதாம் இடத்திலிருந்து பதினொன்றுக்கு வந்தது, ஆறுக்கு வந்தது, மூன்றுக்கு வந்தது. அமலோற்பவம் மீன் கழுவிக்கொண்டே கொடுக்காப்புளி இன்றைக்கு எத்தனையாம் இடம் என்று கேட்கிற நிலைமைக்கு ஆளானாள். யார் பெற்ற பிள்ளையோ அந்தக் கொடுக்காப்புளி, நன்றாக இருக்கட்டும், ஆனால் நாலாம் இடத்தில் நன்றாக இருக்கட்டும்.

அப்போதுதான் சாரணியர் முகாம் வந்தது. தென்காசிப் பக்கம், ஆறு நாள், போன் கூடாது. அனுப்பாதே என்றது ஒரு மனம். அனுப்பாவிட்டால் ஏன் என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள் என்றது இன்னொன்று. பிள்ளையின் முகத்தைப் பார்த்து அனுப்பினாள். சில்லு வைத்த புட்டி பார்க்க ஒரு மாதிரி இருக்கும், கூடாரத்தில் நாலு பேர் கேட்பார்கள் என்று ஆறு மாத்திரையை ஒரு காலி சத்து மாத்திரை டப்பாவில் போட்டுத் துணிகளுக்கு அடியில் வைத்து அனுப்பினாள். புட்டி வீட்டில். போன் வீட்டில். முதல் நாள் காலை ஏழுக்குப் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் கலங்கரை விளக்கு துடித்துத் துடித்து எரிகிறது, கரையில் நண்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. பிள்ளை அங்கே மாத்திரை சாப்பிட்டிருப்பாள். இங்கே தீவு அநியாயமாகப் போகப்போகிறது. இத்தனை நாள் கட்டிய மதில். அவள் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்கிற குணம் இருந்தால் அவள் அமலோற்பவம் இல்லை. புட்டியை எடுத்தாள், திறந்தாள், மூடினாள். விளக்கு பளீரென்று எரிந்தது. சரி, எரிந்துவிட்டது, இருபது நிமிஷம் இருக்கிறது, வீணாகப் போவானேன் என்று உட்கார்ந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ரெண்டாம் நாள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஏழு மணிக்கு முன்னாலேயே குளித்துவிட்டாள். ஆறாம் நாள் ஊசிவெடி முதலாம் இடம். ஐம்பது வயதுப் பொம்பளை ஒருத்தி, வீட்டில் யாருமில்லாதபோது, சமையலறையில் நின்று ஒரு கையைத் தூக்கிக் குதித்ததை வேளாங்கண்ணி மாதா காலண்டர் தவிர யாரும் பார்க்கவில்லை. எல்லாம் ஏழாம் நாள்தான் உறைத்தது. பிள்ளை வந்து இறங்கினாள், கறுத்திருந்தாள், தொண்டை கட்டியிருந்தது; அமலோற்பவம் டப்பாவை வாங்கிப் பார்த்தாள், காலி. காலி என்றால் என்ன அர்த்தம்? ஒட்டகத்தின் வயிறு நிறைந்திருந்த நாட்களிலும் புட்டி காலியாகத்தானே இருந்தது. சாப்பிட்டியாட்டி என்று கேட்டாள். ம் என்றாள். அந்த ம் எப்படிப்பட்ட ம்? அலுத்து வந்த ம்மா, மழுப்புகிற ம்மா? அன்றைக்கிலிருந்து அந்த ஒற்றை ம்மை எடுத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள், நோட்டு செல்லுமா செல்லாதா என்று பார்க்கிற கடைக்காரன் மாதிரி.

முப்பத்து நாலு. முகாம் முடிந்து பத்தாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். அன்றைக்குத்தான் வடிவு, இதே வராண்டாவில், எல்லாருக்கும் கேட்க, ஒருநாள் விடாமல் நூற்றுக்கு நூறு, பட்டியலில் முதலிடம் என்று ஆன்ஸியின் முதுகில் தட்டினாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் பார்த்தன. ஆன்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று யாரும் நினைப்பார்கள். வளர்த்தவளுக்குத் தெரியாதா, வெட்கப்பட்டால் அவள் வலது காலால் இடது காலை மிதிப்பாள், அன்றைக்குக் கால் அசையவில்லை. தலை மட்டும் குனிந்தது. ஏன் குனிந்தது? சாப்பிடாத ஆறு நாளுக்கு நூறு மதிப்பெண் போடுகிறார்களே என்று குனிந்ததா? அப்போதே வாயைத் திறந்து மேடம், அதில் ஆறு நாள் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சம். பிறகு தனியாகச் சொல்லலாம் என்றால் பிறகு என்பது வரவேயில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை, எந்தக் கட்டளையில் சேர்ப்பது? பொய்ச்சாட்சி சொல்லாதே, அது எட்டாவது. மூடி திறந்ததாக மூடியே சாட்சி சொல்கிறது, திறந்ததென்னவோ உண்மை, அப்படியானால் அது பொய்ச்சாட்சியா? இப்படிச் சட்டம் பேசுகிறவர்களுக்கென்று நரகத்தில் தனி அறை இருக்கிறது என்று சிஸ்டர் சொல்வார். எண் கூடியிருந்தால், வடிவு என்ன நினைப்பாள்? ஒருநாள் விடாமல் சாப்பிட்டும் கூடியிருக்கிறது என்றால் மருந்து கேட்கவில்லை என்று நினைப்பாள். மருந்தை மாற்றுவார்கள். மருந்தில் பிழையில்லை, மூடியில்தான் பிழை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கேட்கிற மருந்தை, நன்றாக வேலைசெய்கிற மருந்தை, இருக்கிற கொஞ்சத்தில் ஒன்றை, இவள் நண்டு விளையாடியதற்காகப் பிள்ளையிடமிருந்து பிடுங்கி எறிவார்கள். ரோஸ்லினுக்கு ஒரு மாத்திரைகூடக் கிடைக்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, மஞ்சள்காமாலை என்று சொல்லிச் சொல்லி, மஞ்சள்காமாலைக்கே கீழாநெல்லி அரைத்துக் குடித்துச் செத்தாள். கூச்சம். ஒரு வீட்டில் ஒருத்தியைத் தின்றது போதாதா அதற்கு?

முப்பத்தாறு என்றபோது அவளுக்கு வியர்த்திருந்தது. ஆன்ஸி பக்கம் திரும்பி, முகாமில் உண்மையிலேயே சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் ம் என்பாள். இன்னொரு ம்மைத் தாங்க முடியாது. "தண்ணி வேணுமாட்டி?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். முப்பத்தேழு. எழுந்தார்கள், நடுநாற்காலியில் கிடந்த பை நழுவித் தரையில் விழுந்தது, ஜெபமாலை, பஸ் டிக்கெட், தலைவலித் தைலம் எல்லாம் சிதறின, எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர் குனிந்து தைலத்தை எடுத்து நீட்டினார், முதல் தடவையாக அந்த வராண்டாவில் ஒரு முகத்தை நேருக்குநேர் பார்த்தாள், சாதாரண முகம், சவரம் செய்யாத, கவலைப்பட்ட, யார் வீட்டிலும் இருக்கிற முகம். உள்ளே வடிவு எழுந்து நின்று வாங்கம்மா என்றாள். மேசைமேல் உறை. பழுப்பு உறை, ஒட்டியிருந்தது. வடிவு அதை எடுத்தாள்.

"பிரிக்காதீங்க" என்றாள் அமலோற்பவம். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "முதல்ல நான் ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் பிரிங்க."

சொன்னாள். முகாம், டப்பா, ஏழு மணி, மூடி, இருபது நிமிஷம், பால் பொங்கியது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல், கோயிலில் சொல்லாத ஒழுங்கோடு சொன்னாள். அந்த நூற்றுக்கு நூறில் ஆறு நாள் தன்னுடையது, பிள்ளைமேல் தப்பில்லை, எண் கூடியிருந்தால் மருந்தைக் குறை சொல்லிவிடாதீர்கள், எச்ஐவி மருந்து நல்ல மருந்துதான், என் கையைத்தான் வெட்டவேண்டும் என்றாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டது தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

வடிவு பேசுவதற்குள் ஆன்ஸி பேசினாள். "எனக்குத் தெரியும்."

"என்னட்டி தெரியும்?"

"முகாம்லேர்ந்து வந்து பாத்தேன்லா. தீவு பூரா மதில், டப்பா அடுக்கின மாதிரி. பெரிசு பின்னால, சின்னது முன்னால. நான் அப்படியெல்லாம் கட்டமாட்டேன் பெரியம்மா. நம்ம அடுக்களை அலமாரிதான் அப்படி இருக்கும்."

வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அமலோற்பவத்துக்கு அது முக்கியமில்லை, ஒன்றுதான் முக்கியம், ஒரு மாதமாகத் தொண்டையில் முள்ளாக நின்றது ஒன்றுதான்.

"அப்போ இவங்க நூத்துக்கு நூறுன்னு சொன்னப்போ ஏன் தலையைக் குனிஞ்ச?"

"நிமிர்ந்தா சிரிச்சிருவேன். இல்லன்னா சொல்லிருவேன். சொன்னா நீங்க மாட்டிக்குவீங்க."

பதினைந்து வயது. பெரியம்மாவைக் காட்டிக்கொடுக்கக்கூடாதென்று ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது; இவளோ அந்தப் பிள்ளையின் ம்மைப் பிடித்து வெளிச்சத்தில் ஆட்டிக்கொண்டிருந்தாள். வடிவு தொண்டையைச் செருமினாள். அம்மா, மூடியை ஏமாற்றலாம், ரத்தத்தை ஏமாற்ற முடியாது, அதற்குத்தானே ரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே உறையின் ஓரத்தைக் கிழித்தாள். எவ்வளவு மெதுவாகக் கிழிக்கிறாள், அரசாங்க உறைக்கு என்ன இவ்வளவு மரியாதை, தாளை விரித்தாள், அமலோற்பவம் காத்திருக்கவில்லை, மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே, தலைகீழாக, அந்தச் சின்ன ஆங்கில எழுத்துகளை வாசித்தாள், எண் எங்கே, எண்ணைக் காணோம், எண் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணே இல்லை, டார்கெட் நாட் டிடெக்டட். மறுபடியும் வாசித்தாள். அறுபத்தோராயிரம் இருந்த இடத்தில் மூன்று சொல். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறவள் இல்லை அவள், ஆனாலும் கேட்டாள், யாராவது வாயால் சொல்லவேண்டும். அந்த மெஷினால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றாள் வடிவு. போய்விட்டது என்று அர்த்தமில்லை, நாளைக்கும் ஏழு மணிக்கு மாத்திரை உண்டு, ஆனால் மருந்து மாற்றவேண்டாம், எதையும் மாற்றவேண்டாம், இவள் இப்படியே போனால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் கட்டலாம், நோயில்லாத பிள்ளை பெறலாம். வடிவின் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. அமலோற்பவம் அழவில்லை. வாயில் என்னவோ உப்புக் கரித்தது, அவ்வளவுதான். ஆறு நாளும் சாப்பிட்டிருக்கிறாள். போன் இல்லை, மணி இல்லை, மூடி இல்லை, நண்டு இல்லை, எதிரில் நிற்கப் போலீஸ்காரி இல்லை, சாப்பிட்டிருக்கிறாள்.

அந்த ஆறு நாளைப் பட்டியலிலிருந்து வெட்டவேண்டியிருக்கும், ஒன்பதாம் இடத்துக்கு இறங்கிவிடுவாய் என்றாள் வடிவு. வெட்டிருங்க மேடம் என்றாள் ஆன்ஸி. "அதெப்படி வெட்டுவீங்க, கிழக்கு மதில் பூரா நான் கட்டினது" என்று அமலோற்பவத்தின் வாயிலிருந்து வந்தே விட்டது. வேணும்னா உங்களுக்குத் தனியா ஒரு தீவு இறக்கித் தாரேன்மா, நாளைக்கு ஒரு சத்து மாத்திரை சாப்பிடுங்க என்றாள் வடிவு. பிறகு பேனாவை எடுத்து, கல்லூரிப் பிள்ளைகளுக்கு எழுதவேண்டும், போன் இல்லாத இடத்தில் எப்படி மறக்காமல் சாப்பிட்டாய் என்று கேட்டாள். ஆன்ஸியின் வலது கால் இடது காலை மிதித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆற்றுமணல் கொட்டியிருந்தார்களாம். காலையில் ஏழு மணி விசிலுக்கு அங்கே போய், குச்சியால் மணலில் ஒரு நண்டு வரைந்து, மாத்திரையை விழுங்கிவிட்டு, அந்த நண்டை மிதித்து அழிப்பாளாம். ரெண்டாம் நாள் கூடாரத்துக் கோமதி பின்னாலேயே வந்துவிட்டாளாம். என்ன மாத்திரை என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்ன?" என்றாள் அமலோற்பவம்.

"உள்ளதைச் சொன்னேன்."

உள்ளதை. பள்ளிக்கூடம், தலைமை சிஸ்டர், ஜெயராணி, பங்குக்கோயில், வாடகை வீடு எல்லாம் ஒரு நொடியில் வரிசை கட்டிக் கரையேறி வந்தன. வந்து நின்றன. நின்று என்ன செய்தன? முகாம் முடிந்து மாதம் ஒன்றரை ஆகிறது. ஒன்றும் செய்யவில்லை. "கேட்டுட்டு அவ என்னட்டி சொன்னா?"

"நாளைக்கு நான் மிதிக்கட்டுமான்னு கேட்டா. நாலு நாளும் அவதான் மிதிச்சா. நான் எந்திரிக்கலேன்னா காலைப் பிடிச்சு இழுப்பா."

கோமதி. எண்ணெய் வழிய ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, முகாமுக்குப் பிறகு ரெண்டு தடவை ரெக்கார்டு நோட்டு வாங்க வாசலுக்கு வந்த பிள்ளை. ரெண்டு தடவையும் கிராதிக் கதவைத் திறக்காமல், கம்பி வழியாக நோட்டை நீட்டி அனுப்பினாள் அமலோற்பவம். வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது, அலமாரியில் புட்டி இருக்கிறது, பார்த்துவிட்டால். அந்தப் பிள்ளை எல்லாம் தெரிந்துகொண்டுதான், தேங்க்ஸ் ஆண்ட்டி என்று சொல்லி, கம்பிக்கு வெளியே நின்றுவிட்டுப் போயிருக்கிறது. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள், வைத்ததை எடுத்து மறுபடி பார்த்தாள், வைத்தாள். வராண்டாவில் முப்பத்தெட்டைக் கூப்பிட்டார்கள், தைலம் எடுத்துக்கொடுத்தவர் எழுந்தார், தாண்டிப் போகும்போது அவர் பார்க்காமல் பார்த்தார். "எங்க பிள்ளைக்கு நல்லா வந்திருக்கு. உங்களுக்கும் வரும், போங்க" என்றாள் அமலோற்பவம், முழுக் குரலில், ஏழு கட்டமாகக் கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் திரும்பிற்று.

வெளியே வெயில் கொளுத்தியது, பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை, பஸ்ஸும் இல்லை, திருநெல்வேலிக்காரர்களுக்கு நேரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோமதியைச் சாப்பிடக் கூட்டிவா என்றாள். ஆன்ஸி நம்பாமல் பார்த்தாள். வீட்டுக்கா என்றாள். பின்னே, ஆஸ்பத்திரிக்கா? பூசைக்குப் போய்விட்டு வந்து சீலா மீன் வாங்கி, தேங்காய் அரைத்துவிட்டு ஒரு குழம்பு, நாலு துண்டு பொரித்து, முட்டை அவித்து என்று அவள் மனசுக்குள் சட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது ஆன்ஸி மெல்லச் சொன்னாள்.

"அவ சைவம் பெரியம்மா. முட்டைகூடத் தொடமாட்டா."

சைவமா? உலகத்தில் இத்தனை பிள்ளைகள் இருக்க, இவளுக்கென்று வாய்த்தவள் சைவம். வீட்டில் மீன் வாடை அடிக்காத பாத்திரம் என்று ஒரு கரண்டியாவது உண்டா? குக்கரைப் புளி போட்டுத் தேய்க்கவேண்டும், அம்மியைக் கழுவவேண்டும், சனிக்கிழமையே ஜன்னலெல்லாம் திறந்துவைக்கவேண்டும். சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு அவியல் என்றால் உயிர், அவியலுக்குப் பச்சை வாழைக்காயா சேனையா எது முதலில் வேகும், முருங்கைக்காயை எப்போது போடுவது, ஒருதடவைகூட ஒழுங்காக வைத்ததில்லை, தயிர் ஊற்றினால் திரிந்துபோகும், திரியாமல் எப்படி ஊற்றுகிறார்கள் என்று யாரிடம் கேட்பது? ஜெயராணியிடம் கேட்கலாம், யாருக்கு விருந்து என்பாள், ஆன்ஸியின் சிநேகிதிக்கு என்று சொல்லலாம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. பாயசம் வைக்கலாம். பாயசத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. பஸ் தூரத்தில் வளைந்து வந்தது. அமலோற்பவம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னலோரச் சீட்டு பிடிக்கப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு, சேனையைப் புளித்தண்ணீரில் போடாவிட்டால் நாக்கு அரிக்குமே என்று யோசித்துக்கொண்டே பின்னால் ஏறினாள்.